பி.எல்.பி. பீக்கான் சர்வீஸ் செய்யும் இடம் தெரியுமா?

எல்லோருக்கும் வணக்கம். அலாஸ்காவில் செஸ்னா 206 என்ற சிறு விமானம் ஓட்டுகிறேன். விடுமுறைக்குப் பள்ளத்தூர் வந்திருக்கிறேன், செப்டம்பர் கடைசியில் திரும்ப வேண்டும். பறக்கும்போது நான் உடம்பில் மாட்டும் சர்வைவல் வெஸ்ட்டில் இருக்கும் பி.எல்.பி. (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கையடக்கக் கருவி), செல்ஃப் டெஸ்டில் பச்சைக்குப் பதில் சிவப்பு விளக்கு காட்டுகிறது.

406 மெகாஹெர்ட்ஸ், ஜி.பி.எஸ். உள்ளது, அமெரிக்காவில் பதிவு செய்தது. பேட்டரி காலாவதி அடுத்த வருடம்தான். கீழே விழவில்லை, நனையவில்லை.

வளவில் வைத்தும் மொட்டை மாடியிலும் சோதித்தேன், அதே சிவப்பு. காரைக்குடியில் எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் திறக்க மறுத்துவிட்டார். அவர் செய்ததே சரி: சீல் போனால் தண்ணீர் புகும், தவறி ஆன் ஆனால் இந்தச் செய்திகளைப் பெறும் பெங்களூரு மையம் வரை ஆபத்துச் செய்தி போய்விடும். மதுரையில் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. பழுதான லிதியம் பேட்டரி என்றதும் கூரியரிலும் எடுக்கவில்லை.

கோடரி, ஒரு வார உணவு, கொசுவலை, தீ மூட்டும் பொருள் எல்லாம் அங்கே விமானத்திலேயே இருக்கும். குளிர்காலத்தில் பனிக்காலணியும் தூங்கும் பையும் சேரும். ஆனால் விமானம் எரிந்தாலோ ஏரியில் மூழ்கினாலோ உடம்பில் மாட்டியிருப்பது மட்டும்தான் மிச்சம். விபத்தில் தானாக ஆபத்துச் செய்தி அனுப்பும், விமானத்தின் இ.எல்.டி. கருவியும் ஆன்டெனா முறிந்தால் பயன்படாமல் போகலாம். அதனால்தான் இதை விட முடியவில்லை. இறங்கியதும் உள்கிராமங்களுக்குப் பறக்க வேண்டும், அங்கே போய் வாங்க அவகாசமில்லை.

கப்பல்களின் இ.பி.ஐ.ஆர்.பி. பீக்கானுக்கு பேட்டரி மாற்றி நீர்க்கசிவும் சோதித்துத் தருபவர்கள் துறைமுகங்களில் இருப்பார்கள். தூத்துக்குடியிலோ சென்னையிலோ பி.எல்.பி.யையும் அப்படிப் பார்த்துத் தரும் அங்கீகரிக்கப்பட்ட இடம் எது?