கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது: கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி

வணக்கம். கும்பகோணத்தில் நான் ஓட்டிவருவது என் தந்தையார் 1998-இல் வாங்கிய, கார்புரேட்டர் வைத்த, மூன்று சிலிண்டர் 796 சிசி பெட்ரோல் கார். இதுவரை 1,14,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதங்களாகக் காலையில் வண்டியை எடுத்ததும் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த எண்ணெய்க் கறை தெரிகிறது; ஏறத்தாழ 800 கி.மீ.க்கு ஒருமுறை அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர் வரை போய் நிறுத்தினால் பானெட்டுக்குள்ளிருந்து கருகிய வாடையும் வருகிறது.

பட்டறையில் தூக்கிப் பார்த்தவர், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுவதால் கிராங்க் ஷாஃப்டின் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்றும், கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து மாற்றினால் 11,000 ரூபாய் ஆகும் என்றும் சொல்கிறார். கெட்டியான ஆயிலை ஊற்றினால் கசிவு தானே நின்றுவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதைச் செய்வது?

முதல் பதில்

ஐயா, பணத்தைக் கட்டுவதற்கு முன் அந்தக் கருகிய வாடையைச் சற்று யோசியுங்கள். பின்பக்க சீலில் கசியும் ஆயில் கிளட்ச் உறைக்குள் இறங்கி அதன் அடியில்தான் சொட்டும். புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்ட் குழாய் வரை ஏறாது. அடியில் செல்லும் சைலன்சர் குழாயில் தெறித்தும் வாடை வரலாம் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டர், உங்கள் வண்டியில் சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் முனையில் இருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இறுகிப்போனால் ஆயில் எஞ்சினின் பின்முகத்தில் வழிந்து நேராகக் கியர்பாக்ஸ் மேல் இறங்கும். அடியில் படுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆல்டர்னேட்டரையும் பாலித்தீன் உறையால் மூடிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு பழைய அழுக்கு முழுவதையும் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் வேகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம். அப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை என்று இன்னொரு கேள்வி போட நேரிடும். முழுவதும் காய்ந்து மண்ணெண்ணெய் வாடை போன பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்து, எஞ்சினின் உச்சியை மூடும் டேப்பட் கவரின் விளிம்பிலும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலும் முகப்பவுடரைத் தூவி, ஐம்பது கி.மீ. ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் மிக உயரத்தில் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கிருந்துதான் கசிவு தொடங்குகிறது.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அதோடு, டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குச் செல்லும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே கரி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி வரும் வாயு வெளியேற வழியில்லாமல் போனால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, பலவீனமான சீல் எதுவோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். அடைப்பை நீக்காமல் சீலை மட்டும் மாற்றியவர்கள் ஆறு மாதத்தில் மறுபடியும் பட்டறைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அடைப்பு நீங்கிய பின்னும் எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருமானால், ரிங் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். அது வேறு கணக்கு.

கெட்டி ஆயில் யோசனை வேண்டாம். இறுகி வெடித்த ரப்பரை எந்த ஆயிலும் ஒட்டவைக்காது. ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் கேம் ஷாஃப்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாவதுதான் மிச்சம். இன்னொன்று: எச்சரிக்கை விளக்கை நம்பி இருக்காதீர்கள். அது காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. அது எரிகிற நேரத்தில் பேரிங்குகள் உராயத் தொடங்கியிருக்கும். ஆகவே பழுது பார்க்கும் வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை, சமதரையில், ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கழுவி, பவுடர் தூவி, பாபநாசம் வரை போய்வந்து பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பகுதி முழுவதும் நனைந்து, அங்கிருந்து கியர்பாக்ஸ் உறை மேல் ஒரு கோடு இறங்கியிருந்தது. டேப்பட் கவரின் மேனிஃபோல்ட் பக்க விளிம்பிலும் ஈரம் இருந்தது. வாடைக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கிளட்ச் உறையின் அடித் துளை காய்ந்தே இருக்கிறது. ரப்பர் குழாயைக் கழற்றினால் விரல் நுழையாத அளவுக்குக் கரி. ஓ-ரிங்கை நானே மாற்றலாமா?

மூன்றாம் பதில்

மாற்றலாம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவதற்கு முன் அதன் உடலும் எஞ்சினும் சேரும் இடத்தில் ஒரு கோடும், உள்ளே ரோட்டார் நிற்கும் திசைக்கு ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு எஞ்சினைச் சுழற்றாதீர்கள். இந்த இரண்டில் ஒன்றை மறந்தாலும் இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்) தவறிப்போகும். சரியாகப் பொருத்தியிருந்தாலும் பட்டறையில் டைமிங் லைட் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

டேப்பட் கவருக்குப் புதிய ரப்பர் பேக்கிங் போடும்போது இரு முகங்களையும் துடைத்துக் காயவையுங்கள். சுற்றிலும் சிலிகான் பசையைப் பூசிவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. உள்பக்கம் பிதுங்கும் பசை உதிர்ந்து, சம்ப்புக்குள் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) ஆயிலை உறிஞ்சும் வலையை அடைக்கும் என்பதால் அதை நான் அனுமதிப்பதில்லை. நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக, மணிக்கட்டின் பலத்தால் மட்டும் முறுக்குங்கள். கசிகிறதே என்று அழுத்தி முறுக்கினால் கவர் வளைந்து, புதுப் பேக்கிங்கும் கசியும்.

கேட்டவர்

ஓ-ரிங், பேக்கிங், புதுக் குழாய் மூன்றையும் மாற்றி, டைமிங்கும் பார்த்தாயிற்று. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பழைய பேக்கிங் கையில் எடுத்ததும் அப்பளம்போல் ஒடிந்தது. அதன்பின் 600 கி.மீ. ஓட்டியிருக்கிறேன், டிப்ஸ்டிக்கில் அளவு அப்படியே நிற்கிறது, வாடையும் இல்லை. இரவில் அடியில் விரிக்கும் அட்டையில் சம்ப்பின் ட்ரெயின் போல்ட்டுக்கு நேர்கீழே ஒரே ஒரு பொட்டு மட்டும் விழுகிறது. அதன் வாஷரை அடுத்த ஆயில் மாற்றத்தின்போது மாற்றிவிடுகிறேன்.