கெராச்சுட் பாதையில் எரிந்து விழுந்த பையன்

பட்டர்வொர்த் அக்கா:

பள்ளி விடுமுறையில் பினாங்குத் தீவின் தெலுக் பஹாங் பக்கம் நடந்த முகாமுக்குத் தொண்டூழியராகப் போயிருந்தேன். பிள்ளைகள் எல்லாருக்கும் முதல் வகை இனிப்புநீர், அதாவது நீரிழிவு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. மிட்டாய் தின்று வந்ததில்லை. நம் ஆட்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

ஒருநாள் தேசியப் பூங்காவுக்குள் கெராச்சுட் கடற்கரைக்கு நடந்தோம். ஏற்றமும் இறக்கமும், புழுக்கம் வேறு. 12 வயதுப் பையன் ஒருவன் வழிநெடுகக் கதையளந்துகொண்டே வந்தான். பாதி வழியில் பேச்சு நின்றது. “தண்ணி குடிக்கிறியா தம்பி?” என்றேன். “சும்மா விடுங்க அக்கா!” என்று எரிந்து விழுந்தான். கூட வந்த ஓர் அண்ணன், “பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது?” என்று ஆரம்பித்தார். தாதி அவரைக் கையமர்த்திவிட்டு, பையனை ஒரு மர வேரில் உட்கார வைத்து விரலில் குத்திப் பார்த்தார். ரத்தச் சர்க்கரை 3.1 mmol/L. நான்குக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. அப்போது சிலருக்குக் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். சிலருக்குக் கோபம்தான் வரும்.

யாரோ சாக்லெட்டை நீட்டினார்கள். தாதி வேண்டாம் என்றார். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்துமாம். 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம், மறுபடி சோதனை. இதுதான் கணக்கு. குளுக்கோஸ் மாவு மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். அடுத்த முறை பார்த்தபோது 4.8.

“அக்கா, நான் ஏதாச்சும் பேசிட்டேனா?” என்றான். அப்புறம் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொன்னான்: பள்ளியில் இப்படி ஆகும்போதெல்லாம் ‘திமிர்’ என்று வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிடுவார்களாம். எனக்குச் சுருக்கென்றது. அவனோ சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அன்றிரவு தாதிக்குத் தூக்கமே இல்லை. பகலில் ஓடியாடினால் அதன் பலன் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரையை இறக்கும். அதனால் அதிகாலை 2 மணிக்குக் கைவிளக்கோடு கட்டில் கட்டிலாகப் போனோம். பழகிய பிள்ளைகள் கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டுகிறார்கள்!

செந்தூல் அம்மா:

வெளியே நின்ற கதை என் மகளுக்கும் உண்டு அக்கா. அவளும் இப்படி ஒரு முகாமுக்குப் போய் வந்தாள். அதுவரை இன்சுலின் ஊசியை நான்தான் போடுவேன். வந்த அன்றே, “இனிமே வயித்துல நானே குத்திக்கிறேன்” என்றாள். அங்கே அவளைவிடச் சின்னப் பிள்ளை தானே போட்டுக்கொண்டதைப் பார்த்தாளாம். டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியும் காதில் ஏறாத விஷயம். இப்போது ரொட்டி சானாய்க்கு எத்தனை யூனிட் என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். பள்ளியில் பேசத்தான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பட்டர்வொர்த் அக்கா:

சண்டைக்குப் போக வேண்டாம்மா. ஒரே தாளில் எழுதி வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள். வேர்வை, நடுக்கம், திடீர்க் கோபம் என்றால் முதலில் சோதனை. சோதிக்க வழியில்லை என்றால் உடனே இனிப்புத் தண்ணீர். தனியாக எங்கும் அனுப்பக்கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999 அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டும். உங்கள் கைப்பேசி எண்ணைப் பெரிதாக மேலேயே போடுங்கள். அந்தப் பையனின் அம்மாவுக்கும் இதைத்தான் எழுதிக் கொடுத்தோம், தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று.