தமிழ்க் கையேட்டில் கட்டளை வரிகளுக்கு எந்த எழுத்துரு?

கையேட்டுக்காரி:
வணக்கம். லினக்ஸ் சர்வர் பராமரிப்புக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். விளக்கம் தமிழ், கட்டளைகள் ஆங்கிலம். இதுவரை எல்லாமே ஒரே எழுத்துருவில்தான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் அதைப் பார்த்து, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தான். மைனஸுக்குப் பின் நான் எழுதியது சின்ன எல், அவன் அடித்தது எண் ஒன்று. இரண்டுமே செல்லுபடியாகும் ஆப்ஷன்கள், அதனால் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வரிக்கு ஒரு கோப்புப் பெயர் மட்டும் வந்து நின்றது. அனுமதி விவரத்தைக் காணோமே அக்கா என்று அரை மணி நேரம் தேடியிருக்கிறான். அவன் மேல் தப்பே இல்லை. பிரின்ட் எடுத்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே குச்சியாக நிற்கின்றன.

கட்டளைக்கு மட்டும் தனி எழுத்துரு வைக்கலாம் என்றிருக்கிறேன். எதை எடுப்பது? எழுதுவது லிப்ரே ஆஃபிஸில்.

டெர்மினல்வாசி:
எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள மோனோஸ்பேஸ்தான், வேறு யோசனையே வேண்டாம். சோர்ஸ் கோட் புரோ, டெஜாவு சான்ஸ் மோனோ, ஐபிஎம் பிளெக்ஸ் மோனோ மூன்றும் இலவசம். பூஜ்யம், பெரிய ஓ, ஒன்று, சின்ன எல், பெரிய ஐ ஐந்தையும் ஒட்டி ஒரே வரியில் அடித்து, கையேட்டின் அளவிலேயே பிரின்ட் எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சோர்ஸ் கோட் புரோவில் பூஜ்யத்துக்குள் புள்ளி இருக்கும், எல்லின் கால் வலப்பக்கம் வளையும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஃபிரா கோட் மட்டும் கையேட்டுக்கு வேண்டாம். அதில் ஆச்சரியக்குறியும் சமக்குறியும் சேர்ந்து குறுக்குக்கோடு போட்ட ஒரே குறியாகிவிடும். புதிதாகப் படிப்பவர் அதைக் கீபோர்டில் எங்கே தேடுவார்? அந்த வடிவம் பிடித்திருந்தால் ஃபிரா மோனோ எடுங்கள், அதில் இந்த இணைப்புகள் இல்லை.

எழுத்துக்கோப்பவர்:
தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நன்றாக இருக்கும். வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். மேல் வரியில் 'கூ' வந்து அதற்கு நேர் கீழே 'கீ' வந்தால், கொக்கியும் சுழியும் முட்டிக்கொள்ளும்.

லிப்ரே ஆஃபிஸில் தமிழ் எழுத்துருவை சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) என்ற பகுதியில் தனியாகக் குறிக்க வேண்டும். வெஸ்டர்ன் பகுதியை மாற்றினால் ஆங்கிலம் மட்டும்தான் மாறும். கட்டளைக்கென்று ஒரு ஸ்டைல் உண்டாக்கி, மோனோஸ்பேஸ் எழுத்துருவை அதில் வைத்துவிடுங்கள்.

அப்புறம், ஆட்டோகரெக்ட். இரட்டை மைனஸோடு வரும் ஆப்ஷனை அடித்தால் அதை ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். யாராவது காப்பி செய்து டெர்மினலில் ஒட்டினால் கட்டளை ஓடாது. மேற்கோள்குறியும் அப்படித்தான் வளைந்துவிடும். எந்த எழுத்துருவும் இதைச் சரி செய்யாது, அந்த இரண்டையும் அணைத்துவிட்டு எழுதுங்கள்.

கையேட்டுக்காரி:
ரொம்ப நன்றி. சோர்ஸ் கோட் புரோவில் பிரின்ட் எடுத்துத் தம்பியிடமே நீட்டினேன், ஐந்தையும் தடுமாறாமல் படித்தான். பழைய பக்கங்களில் தேடினால் 17 இடத்தில் இரட்டை மைனஸ் கோடாகிக் கிடக்கிறது. இன்றைக்கு அதைத் திருத்தி முடித்துவிடுகிறேன்.