அடுத்தவர் உயிருக்கு நாம் பாலிசி எடுக்க முடியுமா? உங்கள் அனுபவம் என்ன?

ஈரோட்டில் இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறேன். தெரிந்த ஃபைனான்ஸ்காரர் ஒருவர் வந்தார். "தம்பி, ஒரு விசைத்தறிக்காரருக்கு 8 லட்சம் கொடுத்திருக்கேன், ஆளுக்கு சர்க்கரை, நெஞ்சுவலி எல்லாம் இருக்கு, அவர் பேர்ல 25 லட்சத்துக்கு ஒண்ணு போட்டுடுங்க, பிரீமியம் நான் கட்டிக்கிறேன், அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றார், ஏதோ வண்டிக்கு இன்ஷூரன்ஸ் போடச் சொல்வது மாதிரி!

கடன் கொடுத்தவருக்கு வாங்கியவர் உயிரில் இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட், அதாவது அவர் இறந்தால் நமக்குப் பண நஷ்டம் என்பதால் பாலிசி எடுக்கும் உரிமை, உண்டுதான், ஆனால் கடன் தொகை அளவுக்குத்தான். மிச்சம் 17 லட்சம் அந்த மனிதர் செத்தால் லாபம் என்று கட்டும் பந்தயம். இங்கிலாந்தில் பிரபலங்கள் எப்போது சாவார்கள் என்றுகூட பாலிசி எடுத்துப் பணம் கட்டினார்கள், அதை நிறுத்தத்தான் 1774இல் சட்டமே வந்தது. நம் 1938 இன்ஷூரன்ஸ் சட்டத்தில் இன்ஷூரபிள் இன்ட்ரஸ்டுக்கு விளக்கம் கிடையாது, ஆனால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது.

"கட்டுறது என் காசுதானே?" என்று விடாமல் கேட்டார். யார் காசு என்பது பிரச்சினையே இல்லை அண்ணே, அவரே தன் உடம்பைப் பற்றி உண்மையைச் சொல்லி, கையெழுத்துப் போட்டு பாலிசி எடுக்கட்டும், அப்புறம் இன்ஷூரன்ஸ் சட்டம் 38ஆம் பிரிவில் கடன் அளவுக்கு பாலிசி உரிமையை உங்களுக்கு மாற்றி, அதாவது அசைன் செய்து கொடுக்கட்டும், கம்பெனி சம்மதித்தால் சரி என்றேன். உண்மையைச் சொன்னால் எவன் பாலிசி தருவான் என்று கோபமாகப் போய்விட்டார்.

*

எங்கள் வீட்டுக் கதை வேறு. அக்கா, சம்பாதிக்கிற தம்பி பெயரில் எடுக்கப் போனாள், உடன்பிறப்பு என்பது மட்டும் போதாது, அவர் வருமானத்தை நம்பி இருக்கிறீர்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணவன் மனைவி என்றால் இந்தக் கேள்வியே வராது. கடைசியில் தம்பியே எடுத்து அக்காவை நாமினி போட்டான். எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு பணத்துக்கே சொந்தக்காரராகும் நாமினி என்றால் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள்தான். அக்கா வாங்கி வைக்கலாம், அவ்வளவே. நாளைக்கு அவன் கல்யாணம் செய்து, பெண்டாட்டி வாரிசாக வந்து கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இதை வீட்டில் இன்னும் யாரும் அவளிடம் சொல்லவில்லை.