நோயுற்ற தமனித் திசுவின் சுழற்சிச் சோதனை: வழிகாட்டுதல் வேண்டும்

வணக்கம். சிங்கப்பூரில் உயிரிமருத்துவப் பொறியியலில் முதுநிலை ஆய்வு செய்து வருகிறேன். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கழுத்துத் தமனிப் படிவுகளைப் பட்டைகளாக நறுக்கி, 37 டிகிரி செல்சியஸ் உப்புநீரில் மீண்டும் மீண்டும் இழுத்துத் தளர்த்துகிறோம்.

முதல் இழுப்பில் விறைப்பாக நிற்கும் திசு, அதே நீட்சிக்கு மறுமுறை இழுக்கும்போது குறைந்த விசைக்கே இணங்கிவிடுகிறது. ஆனால் முந்தைய உச்ச நீட்சியைத் தாண்டியதும் முதல் வளைகோட்டின் தொடர்ச்சியை மறுபடி பற்றிக்கொள்கிறது. ரப்பரில் அறியப்பட்ட முல்லின்ஸ் விளைவை இது அப்படியே ஒத்திருக்கிறது. சுமையை முழுவதும் இறக்கிய பிறகும் பட்டையில் சிறிது நீட்சி எஞ்சுகிறது.

தொடக்கச் சுழற்சிகளை முன்பதப்படுத்தல் (அளவீட்டுக்கு முன் திசுவை ஒரு சீரான நிலைக்குக் கொண்டுவருதல்) என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறுகிய தமனியைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையின்போது தமனி சந்திப்பது அந்த முதல் இழுப்பைத்தான்.

2000ஆம் ஆண்டில் வெளியான ஹோல்ஸாப்ஃபெல், காஸர், ஆக்டன் ஆகியோரின் தமனிச் சுவருக்கான கணித மாதிரி முற்றிலும் மீள்தன்மை சார்ந்தது என்பதால், இந்தத் தளர்வும் எஞ்சிய நீட்சியும் அதில் அடங்குவதில்லை. திசு எவ்வளவு சேதமடைந்தது என்பதைக் குறிக்கும் சேத மாறியை, விறைப்பூட்டும் கொலாஜன் புரத இழைகளுக்கும் எலாஸ்டின் என்ற மீள்தன்மைப் புரதம் செறிந்த அடித்தளத்துக்கும் தனித்தனியே அமைக்க வேண்டுமா, ஒன்றே போதுமா? சுண்ணாம்பு படிந்த பட்டைகள் பிடிப்பானின் ஓரத்திலேயே கிழிவதைத் தவிர்க்கும் வழி என்ன? இத்தகைய சோதனைகளைச் செய்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டால் மிகவும் நன்றியுடையவனாவேன்.