கோல்ட் ஏர் இன்டேக் மாட்டின வண்டி தண்ணியில ஆஃப் ஆயிடுச்சு: செல்ஃப் அடிக்கலாமா?

டோல்கேட்_1197:
1.2 பெட்ரோல், 4 சிலிண்டர், டர்போ இல்லை. வெளிய வாங்கின கோல்ட் ஏர் இன்டேக் (கம்பெனி ஏர் பாக்ஸுக்குப் பதிலா மாட்டற காத்துக் குழாயும் ஃபில்டரும்). கூம்பு ஃபில்டர் இடது ஃபாக் லேம்புக்குப் பின்னாடி, தரையிலிருந்து 34 செ.மீ. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல பம்பர் அடி விளிம்பு வரைக்கும் தண்ணி. எதிர்ல டிரெய்லர் போன அலையில எஞ்சின் ‘டக்’குனு நின்னுடுச்சு. ஒரு தடவை செல்ஃப் அடிச்சேன், அரைச் சுத்துல பிடிச்சுக்கிச்சு. வண்டி இப்ப மேடான இடத்துல நிக்குது. ஃபில்டரைப் பிழிஞ்சா தண்ணி வருது. காய வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?

ரெஞ்ச்19:
கூடாது. முதல்ல பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டுங்க. தள்ளி ஸ்டார்ட் பண்றதும் வேண்டாம், கியர்ல போட்டு இழுக்கவும் வேண்டாம்.

காரணம் வெறும் கணக்குதான். ஒரு சிலிண்டர் சுமார் 299 சிசி. கம்ப்ரெஷன் ரேஷியோ, அதாவது சிலிண்டர்ல காத்து எத்தனை மடங்கு அமுங்குதுங்கிறது, 11னு வச்சுக்கிட்டா, பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சமிருக்கிற இடம் 299ஐ 10ஆல வகுத்தது, அதாவது 30 மில்லி. இருமல் மருந்து மூடியில மூணு மூடி. அதுக்கு மேல தண்ணி உள்ள போயிட்டா பிஸ்டனுக்குப் போக இடமில்லை. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. வளையறது பிஸ்டனை கிராங்கோட இணைக்கிற கனெக்டிங் ராடு. 2000 ஆர்பிஎம்ல த்ரோட்டில் முழுக்கத் திறந்திருந்தா இந்த எஞ்சின் நொடிக்கு கிட்டத்தட்ட 20 லிட்டர் காத்து இழுக்கும். ஃபில்டர் அரை நொடி மூழ்கினாலே வேலை முடிஞ்சுது.

கொருக்குப்பேட்டை டீசல்:
34 செ.மீ.ங்கிறது நின்ன தண்ணிக்குத்தான் கணக்கு ப்ரோ. வண்டி போகும்போது பம்பர் முன்னாடி தண்ணி குவிஞ்சு ஏறும், அதுக்கு மேல டிரெய்லர் அலை. கம்பெனி இன்டேக் வாய் பெரும்பாலான வண்டியில ரேடியேட்டர் மேல் பட்டை உயரத்துல இருக்கும், கீழ் விழுந்த தண்ணி வடிய ஏர் பாக்ஸ்ல ஓட்டையும் உண்டு. நீங்க அந்த மூக்கை எடுத்து முழங்கால் உயரத்துக்குக் கீழ இறக்கி வச்சிருக்கீங்க.

டோல்கேட்_1197:
புரியுது அண்ணா. அப்போ தண்ணியை எப்படி எடுக்கறது? எஞ்சினையே இறக்கணுமா?

ரெஞ்ச்19:
உடனே இறக்க வேண்டாம். வரிசையா செய்யுங்க.

இன்டேக் குழாயைக் கழட்டி த்ரோட்டில் பாடிக்குள்ள விரல் விட்டுப் பாருங்க, ஈரமிருந்தா துடைங்க. ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துடுங்க. ஸ்பார்க் பிளக் மேல இருக்கிற இக்னிஷன் காயில் நாலையும் கழட்டி ஓரமா வைங்க. பிளக் குழியில தேங்கின தண்ணியை முதல்ல ஊதி எடுக்கணும், இல்லைன்னா பிளக்கைக் கழட்டின உடனே அதுவும் உள்ள இறங்கும். அப்புறம்தான் நாலு பிளக்கையும் கழட்டணும்.

கியர் நியூட்ரல்ல இருக்கட்டும். கிராங்க் புல்லி போல்ட்ல ராட்செட் போட்டு, எஞ்சின் வழக்கமா சுத்துற பக்கமே கையால ரெண்டு முழுச் சுத்து சுத்துங்க. நாலு ஸ்ட்ரோக்கும் முடிய ரெண்டு சுத்து வேணும். முகத்தை பிளக் ஓட்டைக்கு நேரா கொண்டுபோகாதீங்க, தண்ணி பீச்சி அடிக்கும். எங்கேயாவது இறுகிச்சுன்னா அங்கேயே நிறுத்துங்க, பலம் போடாதீங்க. தடையில்லாம சுத்தினா மட்டும் பேட்டரியை மாட்டி, பிளக் இல்லாமலே 5 நொடி செல்ஃப், ஒரு நிமிஷம் இடைவெளி, இப்படி நாலஞ்சு தடவை.

டிப்ஸ்டிக்ல ஆயில் பால் காபி நிறத்துல இருந்தா சேம்பர்ல (எஞ்சின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) தண்ணி இறங்கியிருக்கு. இல்லைன்னாலும் ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க. ஒவ்வொரு பிளக் ஓட்டையிலயும் 5 மில்லி எஞ்சின் ஆயில் விடுங்க, சாக்கடை கலந்த தண்ணி ஒரு ராத்திரியிலேயே போர்ல (சிலிண்டர் உள்சுவர்) துரு ஏத்திடும்.

இத்தோட விட்டுடாதீங்க. லேசா வளைஞ்ச ராடோட எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், சத்தம்கூட இல்லாம ஓடும். பின்னாடி ஒரு நாள் ராடு முறிஞ்சு பிளாக்கைக் குத்தும். அதனால சிலிண்டர் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரெஷன் கேஜ் போட்டுப் பாருங்க. நாலு பிளக்கும் வெளிய, த்ரோட்டில் முழுக்கத் திறந்து, சிலிண்டருக்கு ஆறு கம்ப்ரெஷன்.

புளியந்தோப்பு வயரிங்:
இன்ஷூரன்ஸ் கோணமும் பாருங்க. எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாத சாதாரண பாலிசி இதை நேரடி சேதமில்லை, விளைவு நஷ்டம்னு தள்ளிடும். ஆட்-ஆன் இருந்தாலும் இன்டேக் மாத்தினதை முன்னாடியே சொல்லாம இருந்தா தகராறு வரும். எதையும் கழட்டறதுக்கு முன்னாடி தகவல் கொடுங்க, ஃபில்டர் நிக்கிற உயரத்தையும் தண்ணி ஏறின கோட்டையும் போட்டோ எடுங்க. 2023 மிக்ஜாம் புயல்ல ஆன மாதிரி நிறுத்தி வச்ச வண்டி மூழ்கினாலும் இதே விதிதான்: செல்ஃப் தொடக்கூடாது.

டோல்கேட்_1197:
தகவல் கொடுத்துட்டேன். அவங்க பாத்துட்டுப் போன பிறகுதான் பிளக்கைக் கழட்டினேன். மூணாவதுல தண்ணி பீச்சுச்சு, கையால தடையில்லாம சுத்துது. கேஜ்ல வந்த அழுத்தம், பிஎஸ்ஐ கணக்குல: 182, 180, 146, 181.

ரெஞ்ச்19:
மூணாவதுல 20 சதவீதம் குறைவு. ஆயில் ஏற்கெனவே விட்டும் ஏறலைன்னா பிஸ்டன் ரிங் மேல சந்தேகம் குறைவு. வால்வு இல்லைன்னா ராடு. நேரா நிக்கிற பிளக் ஓட்டைன்னா நீளமான மெல்லிய அலுமினியக் குச்சியை விட்டு, ஒவ்வொரு பிஸ்டனும் மேல் உச்சத்துக்கு வரும்போது பிளக் சீட் மட்டத்துல கோடு போடுங்க.

டோல்கேட்_1197:
1, 2, 4 ஒரே கோடு. 3ல குச்சி ஒன்றரை மில்லிமீட்டர் கீழ இறங்குது.

ரெஞ்ச்19:
ராடுதான். வளைஞ்சு நீளம் ஒன்றரை மில்லிமீட்டர் குறைஞ்சா 11 ரேஷியோ ஒன்பது சொச்சத்துக்கு வந்துடும், 146க்கு அது சரியாப் பொருந்துது. ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஹெட்டையும் சேம்பரையும் இறக்கி அந்த ராடு, பேரிங், ராடு போல்ட் புதுசு போடணும். பழைய போல்ட்டைத் திரும்ப முறுக்க வேண்டாம். போர்ல ஒரு பக்கமா உரசல் கோடு இருக்கான்னு நகத்தால தடவிப் பாருங்க. நகம் மாட்டினா பிளாக் வேலையும் சேரும்.

பெரம்பூர்_வேகன்:
குறுக்கே ஒரு சந்தேகம். ஃபில்டர் மேல போடற தண்ணி ஒட்டாத உறை, குழாய்ல வைக்கிற பைபாஸ் வால்வு, இதெல்லாம் காப்பாத்தாதா?

கொருக்குப்பேட்டை டீசல்:
உறை தெறிக்கிற தண்ணிக்கு மட்டும். மூழ்கினா அதுவும் துணிதான். பைபாஸ் வால்வு, கீழ ஃபில்டர் அடைச்சதும் மேலிருந்து காத்து விடும். ஆனா வால்வே தண்ணிக்கு மேல இருக்கணும், டர்போ வண்டிக்கு அது ஆகாது. நம்ம பக்கத்து ரோட்டுக்கு ஐப்பசிக்கு முன்னாடி கம்பெனி ஏர் பாக்ஸையே திருப்பி மாட்டறதுதான் என் கட்சி. அந்த இன்டேக் தர்ற ரெண்டு குதிரைச் சக்தி டோல்கேட் சிக்னல்ல யாருக்கு வேணும்?

டோல்கேட்_1197:
பழைய ஏர் பாக்ஸை வித்துட்டேன் அண்ணா. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில கிடைக்குமா?

கொருக்குப்பேட்டை டீசல்:
தேடினா கிடைக்கும். பெட்டியை மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க, முன்னாடி ஹெட்லைட் பக்கம் ஏறுற மூக்குக் குழாயும் சேர்த்துக் கேளுங்க. மூடி கிளிப் நாலும் முழுசா இருக்கான்னு கடையிலேயே போட்டுப் பாருங்க. வடியற ஓட்டையில மண் அடைச்சிருந்தா குத்தி விட்டுட்டு மாட்டுங்க.