மறுவோட்டமும் மறுசோதனையும்: ரிப்ரொட்யூசிபிலிட்டிக்குத் தமிழில் என்ன?

> "மீளுருவாக்கம்" என்றே வைத்துக்கொள்ளலாமே, புதிதாக எதற்கு?

ரிப்ரொட்யூசிபிலிட்டி, அதாவது ஓர் ஆய்வின் முடிவை மற்றவர்களும் மறுபடி அடைய முடிவது. அதற்கு இந்தச் சொல் போதும் என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் அழிந்த காடும் இடிந்த கோயிலும்தான் நினைவுக்கு வருகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே சொல்லில் இரண்டு வேலைகளைக் கட்டிவிடுகிறோம்: ஆய்வு செய்தவர்கள் கொடுத்த நிரலையும் தரவையும் அப்படியே ஓட்டி அதே எண்கள் வருகிறதா என்று பார்ப்பது ஒன்று, எல்லாவற்றையும் நாமே புதிதாகச் செய்து அதே முடிவுக்கு வருகிறோமா என்று பார்ப்பது இன்னொன்று. ஆங்கிலத்தின் முன்னொட்டுகளைப் பார்த்துச் சொல் அமைப்பதும் வீண். கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் அமைப்பே, இந்த இரண்டு வேலைகளுக்கும் வழங்கும் ரிப்ரொட்யூசிபிலிட்டி, ரெப்ளிகபிலிட்டி என்ற பெயர்களின் பொருளை 2020-இல் இடம் மாற்றிவிட்டது!

செயலைப் பார்த்துப் பெயர் வைப்போம். முதலாவது மறுவோட்டம், இரண்டாவது மறுசோதனை. நிரலை 'ஓட்டிப் பார்த்தேன்' என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? 'இந்தக் கட்டுரைக்கு மறுவோட்டத் தகுதி உண்டு' என்று எழுதினாலும் உறுத்தவில்லை.

இதனால் என்ன பயன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள திட்டங்களை வைத்து நிரல்மொழிக்கும் பிழைகளுக்கும் தொடர்பு உண்டு என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்ததே, வேறொரு குழு அதே தரவை எடுத்து உட்கார்ந்தபோது டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் கணக்கில் பிட்காயின் திட்டத்தின் கோப்புகள் இருந்தன. திறந்து பார்த்தால் அவை மொழிபெயர்ப்புக் கோப்புகள், நிரலே இல்லை. கோப்புப் பெயரின் பின்னொட்டு 'டிஎஸ்' என்று ஒன்றாக இருந்ததால் வந்த வினை. டைப்ஸ்கிரிப்ட் வெளிவந்ததே 2012 அக்டோபரில்தான், தரவிலோ அதற்குப் பல ஆண்டுகள் முந்தைய கமிட்டுகள் (நிரல் மாற்றப் பதிவுகள்)! இப்படிப்பட்டவற்றைக் களைந்து கணக்குப் போட்டதும் நான்கே மொழிகளுக்குத்தான் தொடர்பு தேறியது, அதுவும் மிகச் சிறியது. 2019-இல் வெளியிட்டார்கள். முதல் ஆய்வைச் செய்தவர்கள் தங்கள் தரவைக் கொடுத்ததால்தான் இது முடிந்தது.

> மாணவர்களை உட்கார வைத்துச் செய்யும் ஆய்வில் ஓட்ட என்ன இருக்கிறது?

நல்ல கேள்வி. பெயர் நீக்கிய விடைகளும் புள்ளியியல் ஸ்கிரிப்டும் இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் மறுவோட்டம் முடியும். வேறு மாணவர்களை வைத்துச் செய்தால் அது மறுசோதனை, குழப்பமே இல்லை.

அப்புறம், ஆய்வுக் கட்டுரையோடு சேர்த்துத் தரும் ஆர்ட்டிஃபாக்ட். அகராதியைப் பார்த்து யாரும் 'தொல்பொருள்' என்று போட்டுவிடாதீர்கள். நிரல், தரவு, நூலகங்களின் பதிப்பு எண்கள், நிரல் ஓடும் சூழலை அமைக்கும் டாக்கர் கோப்பு, தற்செயல் எண்களுக்குத் தொடக்கமாகக் கொடுக்கும் ரேண்டம் சீட் எல்லாம் சேர்ந்த பொட்டலம் அது. 'ஆய்வுத் தொகுப்பு' போதுமா? கட்டுரைத் தொகுப்பு நூலோடு குழம்பும் என்றால் 'ஓட்டத் தொகுப்பு' சரியாக வருமா, சொல்லுங்கள்.